சப்ளையர் வாயும் கியூஆர் அட்டையும்: பிரானூர் பார்டரில் ஒரு நிகழ்வு ஆய்வு

செங்கோட்டையில் எனக்குச் சின்னதாக ஒரு டிடிபி கடை. கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், ஃப்ளெக்ஸ், ஓட்டல்களுக்கு பில் புக். இதுதான் பிழைப்பு. 2024 குற்றால சீசனில் பார்டர் பக்கமிருக்கும் ஒரு பரோட்டாக் கடையின் கியூஆர் மெனு என் கைக்கு வந்தது. முதல் அட்டை வேறு யாரோ செய்தது, நான் ரிப்பேருக்குப் போனவன். இரண்டாவதைச் சொதப்பியது நானே. மூன்றாவதுதான் நின்றது. இந்த வேலையில் கைவைக்கப் போகிறவர்களுக்குப் பயன்படும் என்று நடந்ததை எழுதி வைக்கிறேன். கடைப் பெயர் வேண்டாம். முதலாளியை அண்ணாச்சி என்றே சொல்கிறேன், ஊரும் அப்படித்தான் கூப்பிடுகிறது.

கடையும் கூட்டமும்

செங்கோட்டையை ஒட்டியிருக்கும் பிரானூரில் இன்றைக்கு பார்டர் ஒன்றும் இல்லை. 1956 நவம்பர் 1 வரைக்கும் செங்கோட்டை மலையாளச் சீமையோடு இருந்தது, எல்லை இங்கே இருந்தது. மாநிலங்களைப் பிரித்தபோது செங்கோட்டை இந்தப் பக்கம் வந்தது, எல்லை புளியரையைத் தாண்டி மலைக்குப் போய்விட்டது. பெயர் மட்டும் போக மறுத்துவிட்டது. இன்னமும் பஸ் கண்டக்டர் 'பார்டர் இறங்கு' என்றுதான் சத்தம் கொடுக்கிறார்.

ஜூன் மாதம் தென்மேற்குப் பருவமழை பிடித்துக் குற்றாலத்தில் தண்ணீர் விழ ஆரம்பித்தால் கொல்லம், புனலூர் பக்கத்து வண்டிகள் ஆரியங்காவு வழியாக வரிசையாக இறங்கும். காலையில் அருவி, மதியம் பரோட்டா. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணிக்கு அண்ணாச்சி கடை வாசலில் கார் நிறுத்த இடம் இருக்காது. உள்ளே இடம் கிடைக்க அரை மணி, சமயத்தில் முக்கால் மணி நிற்க வேண்டும்.

இந்தக் கடையில் மெனு கார்டு என்று ஒன்று எப்போதுமே இருந்ததில்லை. மூத்த சப்ளையர்தான் மெனு. மேஜையில் இலை விழும்போதே தொடங்கிவிடுவார்: "பரோட்டா, கொத்து, வீச்சு, முட்டை வீச்சு, நாட்டுக்கோழி, பிச்சுப்போட்ட கோழி, காடை, மட்டன் சுக்கா, கறி தோசை, ஆம்லேட், ஆஃப்பாயில்..." மூச்சு விடுவது தெரியாது. ஆனால் ஒப்பிப்பு ஆளுக்கு ஆள் மாறும். காடை தீரப் போகிறதென்றால் அந்தச் சொல்லே வாயிலிருந்து வராது. குழந்தையோடு வந்தால் காரமில்லாதது முன்னால் வரும். லாரி டிரைவர் என்றால் நேரே "வழக்கம்போல நாலா?" கடைசியில் கை கழுவ எழும்பப் போகிறவரிடம் "ஒரு ஆஃப்பாயில் போடவா?" என்பார். பத்தில் நாலு பேர் உட்கார்ந்துவிடுவார்கள்.

அப்புறம் எதற்குக் கியூஆர்? கோவிட் காலத்து ஞாபகம்தான். 2020 ஜூனில் உணவகங்களைத் திறக்க மத்திய சுகாதார அமைச்சகம் வழிமுறை வெளியிட்டபோது, ஒரு முறை பயன்படுத்தி வீசும் மெனுவை வைக்கலாம், தொடாமல் ஆர்டர் எடுப்பதை ஊக்குவிக்கலாம் என்று சொல்லியிருந்தது. ஊரெங்கும் மேஜைக்கு ஒரு கட்டம் முளைத்தது அப்போதுதான். அந்த நாளில் அண்ணாச்சி கடை பார்சல் மட்டுமே போட்டதால் அவர் தப்பித்தார். நாலு வருஷம் கழித்து கொச்சியில் படிக்கும் மகன் விடுமுறைக்கு வந்து, "எல்லாக் கடையிலும் இருக்குப்பா" என்றான்.

முதல் அட்டை: பதினைந்தாம் நாள் செத்தது

பையன் இணையத்தில் இலவசம் என்று போட்டிருந்த ஒரு தளத்தில் கியூஆர் உருவாக்கி, அக்ரிலிக் ஸ்டாண்டில் அச்சடித்து மேஜைக்கு ஒன்று வைத்தான். அழகாகவே இருந்தது. பட்டென்று ஸ்கேன் ஆனது. சீசன் சூடு பிடித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லா மேஜையிலும் ஒரே நேரத்தில் ஒரே செய்தி: இந்தக் கியூஆர் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது, தொடர்ந்து பயன்படுத்தப் பணம் கட்டுங்கள்.

அண்ணாச்சி எனக்கு போன் போட்டு, "ஏ தம்பி, அட்டை கெட்டுப்போச்சு, வந்து பாரு" என்றார். அட்டை கெடவில்லை. கியூஆர் என்பது வெறும் எழுத்தைக் கறுப்பு வெள்ளைக் கட்டமாக மாற்றி அச்சடித்தது. அதற்குக் காலாவதி கிடையாது. ஆனால் அந்த எழுத்து யாருடைய முகவரி என்பதில்தான் சூட்சுமம். பையன் எடுத்தது 'டைனமிக்' வகை. கட்டத்துக்குள் இருந்தது கடையின் முகவரி கிடையாது, அந்தத் தளத்தின் முகவரி. ஸ்கேன் செய்கிறவர் முதலில் அங்கே போவார், அவர்கள்தான் மெனுவுக்குத் திருப்பி விடுவார்கள். சோதனைக் காலம் 14 நாள். 15-ஆம் நாள் கதவைச் சாத்திவிட்டார்கள். இது மோசடி என்று நான் சொல்ல மாட்டேன், சின்ன எழுத்தில் போட்டுத்தான் இருந்தது. ஆனால் நம் வீட்டுத் திண்ணைக்கு அடுத்தவன் பூட்டு மாட்டிச் சாவியை வைத்துக்கொண்ட மாதிரி.

டைனமிக் வகைக்கு நியாயமான உபயோகமும் உண்டு. அச்சடித்த பிறகும் போய்ச் சேரும் இடத்தை மாற்றிக்கொள்ளலாம். சொந்த முகவரி ஒன்று இருந்தால் அதே வசதியை நாமே செய்துகொள்ளலாம். அதை இரண்டாவது தடவையிலேயே செய்திருக்க வேண்டும். செய்யவில்லை.

இரண்டாவது அட்டை: சேவலால் வந்த வினை

இது என் பாவக் கணக்கு. அவசரத்தில் மெனுவை பிடிஎஃப் ஆக்கினேன். உணவுப் படங்கள் பெரிதாக, கோப்பு 11 எம்பி. 'மெனு புதுசு' என்று தமிழிலேயே பெயர் வைத்து இணையத்தில் ஏற்றி, அந்த முகவரியை நேரடியாகக் கியூஆர் ஆக்கினேன். அண்ணாச்சிக்கு நடுவில் கடையின் சேவல் படம் வேண்டும். சரி, வைத்தேன்.

கியூஆரை 1994-இல் ஜப்பானில் டென்சோ நிறுவனத்துக்காக மசாஹிரோ ஹாராவின் குழு உருவாக்கியது, கார் உதிரிபாகங்களை அடையாளம் வைத்துக் கண்காணிக்க. தொழிற்சாலையில் அழுக்கு, எண்ணெய் எல்லாம் படும் என்பதால் பிழை திருத்தத்தை உள்ளேயே வைத்தார்கள். நாலு நிலை: ஏறத்தாழ 7, 15, 25, 30 சதவீதம் சேதமானாலும் படித்துவிடும். சேவல் நடுவில் உட்கார்ந்தால் அதுவும் ஒரு சேதம்தான். அதனால் 30 சதவீத நிலையைத் தேர்ந்தெடுத்தேன். திருத்தம் கூடக் கூட உள்ளே இருக்கும் சின்னக் கட்டங்களும் கூடும்.

அதோடு தமிழ்ப் பெயர். இணைய முகவரியில் தமிழ் எழுத்து அப்படியே நிற்காது. ஒவ்வொரு குறியும் மூன்று பைட், ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறி போட்டு மூன்று எழுத்தாக விரியும். நம் கண்ணுக்கு 'மெனு' இரண்டு எழுத்து. கணினிக்கு ம, ஒற்றைக்கொம்பு, ன, உகரக் குறி என்று நாலு. நாலை ஒன்பதால் பெருக்கினால் 36. 'மெனு புதுசு' முழுக்க, நடுவில் உள்ள இடைவெளியையும் சேர்த்து 93. முன்னால் தளத்தின் முகவரி, பின்னால் பிடிஎஃப் வால் என்று மொத்தம் 120 சொச்சம் எழுத்து. 30 சதவீதத் திருத்தத்தோடு இதை அடைக்க 61-க்கு 61 கட்டம் தேவைப்பட்டது. சுற்றிலும் நாலு கட்ட அகலத்துக்கு வெள்ளை விளிம்பு விட வேண்டும், ஆக 69. மூன்று சென்டிமீட்டர் அட்டையில் ஒரு கட்டம் அரை மில்லிமீட்டர் கூட வராது. அதன் மேல் பளபள லேமினேஷன், அதற்கு மேலே டியூப்லைட். போனை எப்படிப் பிடித்தாலும் அட்டையில் வெளிச்சக் கோடுதான் தெரிந்தது.

சால்னா வாளியை மேஜையில் வைக்கும்போது சிந்துவது எப்போதும் ஓர் அட்டையின் மூலையில்தான். நடுவில் பட்டால்கூடத் திருத்தம் காப்பாற்றும். மூலைகளில் மூன்று பெரிய சதுரம் இருக்கிறதே, அதை வைத்துத்தான் கேமரா 'இங்கே ஒரு கியூஆர் இருக்கிறது' என்றே கண்டுபிடிக்கிறது. கறுப்பும் வெள்ளையும் 1:1:3:1:1 என்ற விகிதத்தில் வருவது மற்ற அச்சு எதிலும் அபூர்வம் என்று பார்த்து வைத்த அடையாளம் அது. அது மறைந்தால் மிச்சம் எவ்வளவு சுத்தமாக இருந்தும் புண்ணியமில்லை.

ஸ்கேன் ஆன மேஜைகளிலும் மெனு திறக்கவில்லை. கடை தகரக் கூரை. மலையடிவாரம். சீசன் ஞாயிற்றுக்கிழமை ஊரிலுள்ள எல்லா போனும் ஒரே டவரைப் பிடித்துத் தொங்கும். 11 எம்பி இறங்குவதற்குள் இலை போட்டு, தண்ணீர் வைத்து, பக்கத்து மேஜைக்காரர் சாப்பிட்டே முடித்துவிடுவார். வைஃபை கொடுக்கலாமா என்றேன். "கொடுத்தா எவன் எந்திரிப்பான்?" என்றார் அண்ணாச்சி. நியாயம்தான்.

கறி தோசை

ஆனால் அண்ணாச்சியை உண்மையில் கோபப்படுத்தியது இதெல்லாம் இல்லை. பிடிஎஃப்பில் மலையாள வரிசை ஒன்றும் போட்டிருந்தேன். எனக்கு மலையாளம் பேச வரும், எழுத வராது. இணையத்தில் தமிழ்ப் பெயர்களைக் கொடுத்து, அப்படியே மலையாள எழுத்துக்கு மாற்றி எடுத்து ஒட்டிவிட்டேன்.

ஜூலை மாதம் ஒரு ஞாயிறு. நிலவரம் பார்க்க நானும் கல்லாப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். கொல்லத்திலிருந்து ஒரு குடும்பம். அந்த அம்மா ஏதோ நேர்ச்சைக்காக அசைவத்தை நிறுத்தி வைத்திருந்தவர். மற்றவர்களுக்குக் கோழியும் காடையும் சொல்லிவிட்டு, தனக்கு அட்டையைப் பார்த்து ஒரு 'கறி தோசை' சொன்னார். புது சப்ளையர் பையன் வாங்கிக்கொண்டு போய்விட்டான். வந்தது நம் கறி தோசை: கனமான தோசை, மேலே முட்டை, அதற்கு மேலே கொத்துக்கறி. தட்டு மேஜையைத் தொட்டதும் அவர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்துவிட்டார். "அய்யோ, இது இறச்சியாணல்லோ!"

நமக்குக் கறி என்றால் இறைச்சி. அவர்களுக்குக் கறி என்றால் தொட்டுக்கொள்ளும் குழம்பு வகை எதுவும் கறிதான், கடலைக்கறியும் கறிதான். கறி தோசை என்றால் தோசையும் குழம்பும் என்று அவர் நினைத்ததில் ஒரு தப்பும் இல்லை. அண்ணாச்சி கல்லாவை விட்டு இறங்கி வந்து கைகூப்பினார், மொத்தக் குடும்பத்துக்கும் பில் போடவில்லை. அவர்கள் போன பிறகு என் பக்கம் திரும்பி, "அட்டையை எல்லாம் எடுத்துரு" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை.

மறுநாள் அந்த வரிசையைத் தூக்கிக்கொண்டு அண்ணாச்சியின் மாமனாரிடம் போனேன். எண்பதைத் தாண்டியவர். அவர் பள்ளிக்கூடம் போன காலத்தில் செங்கோட்டை அந்தச் சீமையில் இருந்ததால் மலையாளம் எழுதப் படிக்கத் தெரியும். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தவர், பாதியில் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். 'மீன் குழம்பு' என்று இருந்த இடத்தில் விரலை வைத்தார். "குழம்புன்னா அவனுக்கு வைத்தியசாலையில விக்கிற தைலம்டே. மூட்டுவலிக்குத் தேய்க்கிறது. மீனை எடுத்து முட்டியில தேய்க்கச் சொல்லுதியா?" கறி தோசையை 'இறச்சி தோசை' ஆக்கினார், மீன் குழம்பை 'மீன் கறி' ஆக்கினார். பரோட்டாவை அவர்கள் 'பொறோட்டா' என்று எழுதுவதால் அதையும் திருத்தினார். நூறு ரூபாய் வெற்றிலைச் செலவுக்குக் கொடுத்தேன், வாங்கவில்லை.

மூத்த சப்ளையர் சொன்னது

அட்டைகள் மேஜையில் இருந்த அந்த ஒரு மாதத்தில் மூத்த சப்ளையர் பெரும்பாலும் வாயைத் திறக்கவில்லை. "அட்டை இருக்குல்லா, பாத்துச் சொல்லுவாங்க" என்று ஒதுங்கிவிட்டார். வீம்பு என்றுதான் நினைத்தேன். பில் புக்கைப் புரட்டியபோது வேறு விதமாகத் தெரிந்தது. அட்டையைப் பார்த்து ஆர்டர் சொன்ன மேஜைகளில் பரோட்டாவும் கோழியும்தான் திரும்பத் திரும்ப. ஆஃப்பாயில், ஆம்லேட், வீச்சு போன்ற சில்லறை அயிட்டங்கள் ரொம்பக் குறைவு. தெரிந்ததை மட்டும் கேட்டிருக்கிறார்கள். அட்டை "ஒன்று போடவா?" என்று கேட்காதே. தீர்ந்துபோன காடையையும் அது பாட்டுக்குக் காட்டிக்கொண்டிருந்தது. காடை கேட்டு, இல்லை என்று சொல்லி, முகம் சுளித்து, ஒவ்வொரு மேஜையிலும் இரண்டு நிமிஷம் கூடுதல்.

அவர் ஒரு நாள் டீ குடிக்கும்போது சொன்னார்: "உள்ள உக்காந்தவனுக்கு நான் இருக்கேன். வெளிய மழையில நிக்கானே, அவன்கிட்ட யாரு பேசுதா?"

இதை நான் மாதக்கணக்கில் யோசித்தும் கண்டுபிடிக்கவில்லை. மெனு இல்லாத குறை மேஜையில் கிடையாது. கார் நிறுத்துமிடத்து வேப்ப மரத்தடியில், அரை மணி நேரம் சும்மா நின்று போனை நோண்டிக்கொண்டிருக்கும் கூட்டத்தில் இருக்கிறது. அவர்களுக்கு நேரம் இருக்கிறது, திறந்த வெளியில் சிக்னலும் உள்ளே இருப்பதைவிடத் தேவலை. பாதிப் பேருக்கு சப்ளையரின் வேகத் தமிழ் பிடிபடாது, அவர்களுக்குத்தான் எழுத்தில் படிக்க ஒன்று வேண்டும்.

மூன்றாவது அட்டை

கார்த்திகை பிறந்தால் மாலை போட்டவர்கள் கூட்டம் ஆரியங்காவு பக்கம் பெருகும், அசைவக் கடைகளில் ஈ ஓட்டுவார்கள். அந்த ஓய்வில் திரும்ப உட்கார்ந்தோம்.

கடைக்கென்று ஒரு முகவரி வாங்கினோம். முழு இணைப்பும் 16 எழுத்துக்குள் வரும்படி சின்னதாக. கியூஆருக்குள் அதை நேராக வைத்தோம், நடுவில் யாரும் கிடையாது. சேவலைக் கட்டத்துக்குள்ளிருந்து எடுத்து மேலே தனியாக நிறுத்தினேன். அண்ணாச்சிக்கு வருத்தம்தான், ஆனால் சேவல் இப்போது பெரிதாக இருப்பதால் சமாதானமாகிவிட்டார். 25 சதவீதத் திருத்தம் வைத்தும் 25-க்கு 25 கட்டத்தில் அடங்கிவிட்டது. அதே மூன்று சென்டிமீட்டரில் அச்சடித்திருந்தால்கூட ஒரு கட்டம் முன்னைவிட இரண்டு மடங்கு அகலம்.

ஆனால் மூன்று சென்டிமீட்டரில் அடிக்கவில்லை, மரத்தடியில் நிற்பவர்களுக்காக வெளியே ஒரு பலகையாக வைத்தோம். எவ்வளவு தூரத்திலிருந்து ஸ்கேன் செய்வார்களோ அதில் பத்தில் ஒரு பங்கு அகலம் வேண்டும் என்பது அச்சுக்காரர்கள் வைத்திருக்கும் கணக்கு. மரத்தடிக்கும் பலகைக்கும் மூன்று மீட்டர், ஆகவே 30 சென்டிமீட்டர். பளபளப்பு இல்லாத மேட் ஷீட். வெள்ளையில் கறுப்பு, வேறு நிற விளையாட்டு இல்லை. பழைய பழக்கத்தில் மெரூன் பின்னணியில் வெள்ளைக் கட்டமாக ஒன்று அடித்துப் பார்த்தேன். என் போன் படித்தது, அண்ணாச்சி போன் படிக்க மறுத்தது.

ஸ்கேன் செய்தால் திறக்கும் மெனுப் பக்கத்தில் படம் ஒன்றுகூட இல்லை. பெயரும் விலையும், தமிழிலும் பெரியவர் திருத்திய மலையாளத்திலும். எந்த சிக்னலிலும் கண் இமைப்பதற்குள் திறக்கிறது. தீரக்கூடிய நாலே அயிட்டத்துக்கு மட்டும் கல்லாக்காரர் தன் போனில் 'தீர்ந்தது' என்று மாற்ற முடியும். முழு மெனுவுக்கும் அந்த வசதியைச் செய்யலாமா என்று கேட்டேன். இரண்டு மணிக் கூட்டத்தில் அவர் கையில் பில், சில்லறை, பார்சல் டோக்கன். நாலே அதிகம். இதிலும் இரண்டு தடவை மறந்துவிட்டார்.

போனிலேயே ஆர்டர் போட்டுப் பணமும் கட்டும் மென்பொருளை விற்க நடுவில் ஒருவர் வந்தார். மெனு திறக்கும் முன் வாடிக்கையாளர் செல்போன் எண்ணைக் கேட்கும் ஏற்பாடு அதில் இருந்தது. பொருள் வாங்க வருகிறவர்களிடம் எண்ணைக் கட்டாயப்படுத்தாதீர்கள் என்று நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதமே கடைகளுக்குச் சொல்லியிருக்கிறது. அண்ணாச்சியின் காரணம் வேறு: "பரோட்டா திங்க வந்தவன்கிட்ட போன் நம்பர் கேட்டா, பொண்ணு பாக்க வந்தோம்னு நினைப்பான்."

மேஜைகளில் இப்போது எந்தக் கியூஆரும் இல்லை. அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மெனு அட்டை மேஜையில் இருந்தபோது அதை ஸ்கேன் செய்து பணம் கட்டப் பார்த்தவர்கள் பலர். கல்லாவில் இருக்கும் யூபிஐ அட்டையை ஸ்கேன் செய்துவிட்டு மெனு எங்கே என்று கேட்டவர்களும் உண்டு. இரண்டும் பார்க்க ஒரே மாதிரிதானே. பணத்துக்கு உள்ளது இப்போது கல்லாக் கண்ணாடிக்கு உள்பக்கம், தொட முடியாத இடத்தில். 2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசம் கஜுராஹோவில் ராத்திரியோடு ராத்திரியாகக் கடைகளின் கியூஆர் மேல் வேறு கியூஆரை ஒட்டிவிட்டுப் போன செய்தியைப் படித்த அன்றே அண்ணாச்சி அதை உள்ளே மாற்றச் சொன்னார். வெளிப்பலகையையும் காலையில் கடை திறக்கும்போது நகத்தால் ஒரு முறை சுரண்டிப் பார்க்கிறார்கள்.

2025 சீசனில் இரண்டு ஞாயிறு மரத்தடியில் நின்று பார்த்தேன். உள்ளே போகும்போதே முடிவு செய்துகொண்டு போகிறார்கள். சப்ளையர் இலை போட்டதும் ஆர்டர் வந்துவிடுகிறது. அதன் பிறகு அவர் தன் பங்கை ஆரம்பிக்கிறார், ஆஃப்பாயிலில் முடிக்கிறார். மழை பலத்தால் பலகை மேல் சாரல் அடித்துப் பாசி பிடிக்கிறது. வாரம் ஒரு முறை துடைக்க வேண்டியிருக்கிறது, அந்த வேலை யாருடையது என்பது இன்னும் தீரவில்லை.

முகவரிக்கு வருஷா வருஷம் பணம் கட்ட வேண்டும், தவறினால் முதல் அட்டையின் கதிதான் என்று அண்ணாச்சியிடம் ஒரு தடவைதான் சொன்னேன். கல்லாவுக்குப் பின்னால் தொங்கும் தினசரிக் காலண்டர் அட்டையில், கரண்ட் பில் தேதிக்கும் சீட்டுத் தேதிக்கும் நடுவில் சிவப்பு மையில் எழுதி வட்டம் போட்டு வைத்திருக்கிறார்: 'மெனு வாடகை'.